ஜிபிஎஸ் பொய் சொன்னால் கப்பல் யாரைக் கேட்கும்? மட்டாஞ்சேரி கரையிலிருந்து ஒரு குவாண்டம் விளக்கம்

கொச்சிக்கு டூர் போனவர்களுக்குத் தெரியும். மட்டாஞ்சேரி யூதத் தெருவில் மசாலா கிடங்குகளுக்கு நடுவே நடக்கும்போது ஃபோனில் மேப்ஸைத் திறந்தால், நீங்கள் நிற்பது ஒரு சந்து, நீலப் புள்ளி நிற்பது பக்கத்துச் சந்து. சில நேரம் அது காயலுக்குள்ளேயே இறங்கிவிடும். சிரித்துவிட்டு, டீக்கடைக்காரரிடம் வழி கேட்டுப் போய்விடுவீர்கள்.

இப்போது அங்கிருந்து இரண்டு நிமிடம் நடந்து படகுத்துறைக்கு வாருங்கள். 2025 அக்டோபரில் திறந்த வாட்டர் மெட்ரோ நிலையமும் இங்கேதான் இருக்கிறது. எதிரே வில்லிங்டன் தீவு, துறைமுகம், அதை ஒட்டித் தெற்குக் கடற்படைத் தளம். இந்தக் கால்வாய் வழியாகப் பெரிய பெரிய கப்பல்கள் போகின்றன. அவற்றுக்கும் உங்கள் ஃபோனுக்கும் வழி காட்டுவது அதே செயற்கைக்கோள்கள்தான். உங்கள் நீலப் புள்ளி தடுமாறினால் ஐந்து நிமிடம் வீண். கப்பலின் புள்ளி தடுமாறினால்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. 2025 மே 10 அன்று எம்.எஸ்.சி. அன்டோனியா என்ற சரக்குக் கப்பல் செங்கடலில் ஜெட்டா அருகே தரைதட்டியது. அந்தப் பகுதியில் நடந்த ஜிபிஎஸ் குறுக்கீடுதான் காரணமாக இருக்கும் என்று கடல்வழித் தரவு நிறுவனங்கள் சொல்லின. அதே ஆண்டு நவம்பரில் டெல்லி விமான நிலையத்தை நெருங்கிய விமானங்களுக்குப் போலி ஜிபிஎஸ் சிக்னல் வந்தது. சென்னை உட்பட வேறு விமான நிலையங்களிலும் குறுக்கீடு பதிவாகியிருப்பதாக டிசம்பரில் விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு மாநிலங்களவையில் சொன்னார்.

செயற்கைக்கோளையே நம்பாமல் திசையைச் சொல்லும் கருவி வேண்டும் என்ற பேச்சு இப்போது உலகம் முழுக்கச் சூடுபிடித்திருப்பது இதனால்தான். அதில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிக அழகான ஒரு யோசனை இருக்கிறது: உறையவே மறுக்கும் ஒரு திரவத்தில் எழும் குவாண்டம் அலைகள். அது என்ன, நமக்கு அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில், ஜிபிஎஸ் ஏன் இவ்வளவு லேசாக ஏமாறுகிறது?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் ரேடியோ சிக்னல் நம்மிடம் வந்து சேரும்போது காதில் விழாத முணுமுணுப்பு போல ஆகிவிடும். பக்கத்தில் ஒருவர் அதே அலைவரிசையில் கத்தினால் முணுமுணுப்பு காணாமல் போகும். இது ஜாமிங். அதே குரலில் மிமிக்ரி செய்து தப்பான தகவல் கொடுத்தால் அது ஸ்பூஃபிங். இரண்டாவதுதான் ஆபத்து. ஏன்னா, ஏமாந்தது நமக்கே தெரியாது.

"நம்மகிட்டதான் சொந்தமா நாவிக் இருக்கே?" என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அதுவும் வானத்திலிருந்து வரும் ரேடியோ சிக்னல்தான். போதாக்குறைக்கு, 2025 ஜனவரி 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் 100ஆவது ஏவுதலாகச் சென்ற என்.வி.எஸ்.-02 வழிகாட்டி செயற்கைக்கோள், ராக்கெட் தன் வேலையைச் சரியாக முடித்த பிறகும், வால்வு கோளாறால் உரிய சுற்றுப்பாதைக்கு உயர முடியாமல் போனது.

சிக்னல் இல்லாவிட்டால் கப்பல், விமானம், ராக்கெட் எல்லாம் நம்புவது ஜைரோஸ்கோப்பை. நான் எவ்வளவு திரும்பினேன் என்று வெளியே யாரையும் கேட்காமல் தானே அளக்கும் கருவி அது. உங்கள் ஃபோனுக்குள்ளும் மலிவான ஒரு ஜைரோ இருக்கிறது. இஸ்ரோவின் ராக்கெட்டுகளுக்கான இத்தகைய கருவிகளை உருவாக்குவது கொச்சிக்குத் தெற்கே, திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் உள்ள ஐ.ஐ.எஸ்.யூ. என்ற பிரிவு.

எல்லா ஜைரோவுக்கும் ஒரே வியாதி: கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகும். மளிகைக் கடைக் கணக்கில் தினமும் ஒரு ரூபாய் தப்பினால் மாசக் கடைசியில் என்ன ஆகும்? அதே கதைதான். முதல் நிமிடத்தில் தெரியாத பிழை, சில மணி நேரத்தில் கப்பலைப் பல கிலோமீட்டர் தள்ளி நிறுத்தியதாகக் கணக்குக் காட்டும். ஆகவே எல்லோரும் தேடுவது பிசகு குறைந்த ஜைரோவை.

குறுக்கீடு கெட்டது மட்டும்தானா?

இங்கே ஒரு வேடிக்கை. ஜிபிஎஸ்ஸைக் கெடுப்பதையும் நாம் குறுக்கீடு என்கிறோம். அதற்கு மாற்றாக வரக்கூடிய கருவியின் அடிப்படையையும் பிளஸ் டூ இயற்பியல் புத்தகம் குறுக்கீட்டு விளைவு என்கிறது. சொல் ஒன்று, பொருள் வேறு.

மட்டாஞ்சேரி துறையில் இரண்டு படகுகள் எதிரெதிரே கடந்து போவதைக் கவனியுங்கள். இரண்டும் கிளப்பிய அலைகள் நடுவில் சந்திக்கும். முகடும் முகடும் சேர்ந்த இடத்தில் தண்ணீர் எகிறும். முகடும் பள்ளமும் சேர்ந்த இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு நீர் அமைதியாகக் கிடக்கும். ஆபீசில் நீங்கள் மாட்டிக்கொள்ளும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் இதே வித்தையைத்தான் ஒலியில் செய்கிறது.

இதில் முக்கியமான விஷயம், இரண்டு அலைகளில் ஒன்று ஒரு இம்மி முன்னே பின்னே ஆனாலும் சேரும் இடத்தில் விளைவு சட்டென்று மாறிவிடும். அந்த முன்னே பின்னே இருப்பதற்குக் கட்ட வேறுபாடு என்று பெயர். மிக நுண்ணிய மாற்றத்தை அளக்க இதைவிட நல்ல தராசு கிடைப்பது கஷ்டம்.

உறையாத திரவம்

ஹீலியம் தெரியும், பலூன் வாயு. அதைக் குளிர்வித்துக்கொண்டே போனால் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், அதாவது 4.2 கெல்வினில், திரவமாகிறது. 1908 ஜூலை 10 அன்று நெதர்லாந்தின் லெய்டனில் காமர்லிங் ஓனஸ் இதை முதலில் செய்தார். இன்னும் குளிர்வித்து 2.17 கெல்வினுக்குக் கீழே போனால் அது வேறு ஆளாகிவிடுகிறது. பாகுத்தன்மை இல்லாமல், காற்றே நுழையத் திணறும் நுண்ணிய இடுக்கில்கூட உராய்வின்றி வழுக்கிக்கொண்டு ஓடும். கிண்ணத்தில் வைத்தால் சுவரில் மெல்லிய படலமாக ஏறி வெளியே சொட்டும். இதுதான் சூப்பர்ஃப்ளூயிட், தமிழில் மீப்பாய்மம். 1938 ஜனவரியில், மாஸ்கோவில் கபிட்சாவும் கேம்பிரிட்ஜில் ஆலன், மிஸ்னர் இருவரும், ஒரே நேச்சர் இதழில் இதை அறிவித்தார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது? பதிலின் முதல் நூல் நம் ஊர்ப்பக்கம்தான் இருக்கிறது. 1924ல் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்த சத்தியேந்திர நாத் போஸ் ஒளித்துகள்களை எண்ணுவதற்கு ஒரு புதிய கணக்கைக் கொடுத்தார். ஐன்ஸ்டைன் அதை அணுக்களுக்கு நீட்டி, போதிய குளிரில் ஏராளமான அணுக்கள் ஒரே நிலையில் போய் உட்கார்ந்துவிடும் என்றார். 1938ல் ஃபிரிட்ஸ் லண்டன், ஹீலியத்தில் நடப்பது அதுதான் என்று ஊகித்தார்.

திருச்சூர் பூரத்தின் செண்டை மேளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஆளாளுக்குத் தட்டினால் அது இரைச்சல். நூறு பேர் ஒரே தாளத்தில் அடித்தால் ஒரே கை அடிப்பது போலக் கேட்கும். சாதாரண திரவத்தில் ஒவ்வொரு அணுவின் குவாண்டம் அலையும் தன் போக்கில் இருக்கும். மீப்பாய்மத்தில் கோடானுகோடி அணுக்களும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அணு உலகத்தின் அலை, ஒரு பாத்திரம் முழுக்க நீண்டு நிற்கிறது. அலை என்றால் குறுக்கீடும் இருக்கணும் இல்லையா?

ஹெட்ஃபோனில் கேட்ட விசில்

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பாக்கர்டும் சேமஸ் டேவிஸும் அவர்களுடைய குழுவினரும் இதைத் தேடினார்கள். ஒரு மெல்லிய சவ்வில் 65 வரிசை, வரிசைக்கு 65 என்று 4,225 நுண்துளைகள். ஒவ்வொன்றும் தலைமுடித் தடிமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பக்கமிருந்து மீப்பாய்மத்தை அழுத்தினார்கள்.

சாதாரண தண்ணீராக இருந்தால் துளை வழியாக மறுபக்கம் போய்ச் சேரும், அவ்வளவுதான். குவாண்டம் விதி வேறு மாதிரிச் சொல்கிறது. துளையின் இரு பக்கமும் உள்ள அலைகளின் கட்ட வேறுபாடு மாறிக்கொண்டே இருப்பதால், திரவம் முன்னும் பின்னும் அலைபாய வேண்டும். கருவியின் திரையில் இரைச்சல்தான் தெரிந்தது. சிக்னலை ஹெட்ஃபோனில் கொடுத்துக் கேட்டபோது, இரைச்சலுக்கு நடுவே தெளிவான ஒரு விசில் சத்தம் கேட்டது. அழுத்தம் குறையக் குறைய விசிலின் சுருதியும் இறங்கியது. 1997ல் வெளியான இந்த முடிவுக்குக் குவாண்டம் விசில் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்த படி 2001ல் வந்தது. வளையமான ஒரு பாதையில் மீப்பாய்மத்தை நிரப்பி, இரண்டு இடங்களில் இப்படித் துளைகள் வைத்தார்கள். இப்போது இரண்டு விசில்கள். வளையம் சுழன்றால் இரண்டுக்கும் நடுவே கட்டம் மாறும். மாறினால் இரண்டும் சேர்ந்த சத்தம் ஏறும் அல்லது இறங்கும். சோதித்துப் பார்க்கச் சுழலும் மேடை எதற்கு? பூமியே சுழன்றுகொண்டுதானே இருக்கிறது! கருவியை வெவ்வேறு திசையில் திருப்பத் திருப்ப, பூமியின் சுழற்சிக்கு ஏற்ப விசில் உரத்தும் தணிந்தும் கேட்டது. மீப்பாய்மத்தில் குவாண்டம் குறுக்கீடு நிரூபணமானது.

கொச்சியில் வைத்தால் என்ன காட்டும்?

இதை ஒரு சின்னக் கணக்கால் நம் ஊருக்குக் கொண்டுவரலாம். பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஹீலியம்-4 வளையம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொச்சி சுமார் 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது.

- வளையத்தின் முகத்தை வடக்கு பார்த்து நிறுத்தினால், பூமியின் சுழற்சி உண்டாக்கும் கட்ட மாற்றம் ஒரு முழு அலைச் சுற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்று அதிகம்.
- முகம் வானம் பார்த்தால் ஏழில் ஒரு பங்கு மட்டுமே. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இப்படி.
- கிழக்கு பார்த்தால் பூஜ்ஜியம்.

கவனித்தீர்களா? காந்தமும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை, வடக்கு எது என்று ஒரு நாணயம் அளவுக் கருவி சொல்லிவிட்டது. அதே அளவு வளையத்தில் ஹீலியத்துக்குப் பதில் லேசர் ஒளியைச் சுற்றவிட்டால் கிடைக்கும் கட்ட மாற்றம் இதில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான். அணு கனமானது என்பதே இந்தப் பெரிய வித்தியாசத்துக்குக் காரணம்.

அப்போ ஏன் இது இன்னும் கப்பலில் இல்லை?

இங்கேதான் செய்தித் தலைப்புகள் நிறுத்திவிடும். நாம் நிறுத்த வேண்டாம்.

முதல் சிக்கல் குளிர். 2001 சோதனை நடந்தது ஹீலியம்-3ல். அது மீப்பாய்மமாக வேண்டுமானால் ஒரு கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போக வேண்டும். அதற்குத் தேவை ஓர் ஆய்வகமே. ஆகவே பெர்க்லி குழு சாதாரண ஹீலியம்-4க்கு மாறியது. 2005ல் அதிலும் விசிலைக் கேட்டார்கள், 2006ல் குறுக்கீட்டையும் காட்டினார்கள். வெப்பநிலை சுமார் 2 கெல்வின், அதாவது முன்னதைவிட இரண்டாயிரம் மடங்கு சூடு! இது பெரிய முன்னேற்றம். ஜெனீவாவின் எல்.எச்.சி. துகள் முடுக்கியே சுமார் 120 டன் ஹீலியத்தை வைத்து 1.9 கெல்வினில்தான் ஓடுகிறது. முடியாத காரியம் இல்லை. ஆனால் ஒரு கப்பலின் எஞ்சின் அதிர்வுக்கு நடுவே, 2.17 கெல்வினுக்குக் கீழே ஆயிரத்தில் சில பங்கு டிகிரி தள்ளி வெப்பநிலையை ஆடாமல் நிறுத்தி வைப்பது வேறு கதை.

இரண்டாவது, எதிராளி பலசாலி. ஒளியின் கட்ட மாற்றம் சின்னதுதான். ஆனால் கிலோமீட்டர் கணக்கில் கண்ணாடி இழையைச் சுருட்டி, எக்கச்சக்க ஒளித்துகள்களை அனுப்பி அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறார்கள். இத்தகைய ஜைரோக்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் மெருகேறியவை. நூறு கோடி மடங்கு என்ற எண்ணை மட்டும் சொல்லி யாராவது அசத்தினால், இந்தப் பாதிக் கதையையும் கேளுங்கள்.

மூன்றாவது, சொந்தக் குடும்பத்திலேயே போட்டி. லேசரால் குளிர்வித்த அணுக்களை வைத்துக் குறுக்கீடு செய்யும் கருவிகளுக்குத் திரவ ஹீலியமே வேண்டாம். 2023ல் பிரிட்டன் கடற்படை, லண்டன் இம்பீரியல் கல்லூரியின் அத்தகைய குவாண்டம் சென்சாரைக் கப்பலில் ஏற்றிச் சோதித்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் எக்ஸ்-37பி விண்கலம் குவாண்டம் சென்சார் ஒன்றைச் சுமந்து போனது. ஓட்டத்தில் இப்போது முன்னால் இருப்பது இவைதான்.

நான்காவது, ஜைரோ திசையை மட்டும்தான் சொல்லும். எவ்வளவு தூரம் போனோம் என்று அறிய முடுக்கமானியும் நல்ல கடிகாரமும் கூடவே வேண்டும்.

இந்தியா எங்கே நிற்கிறது?

தாழ்வெப்ப இயற்பியல் நமக்குப் புதிதல்ல. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் தலைமையில் இருந்தபோதே, டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் 1952ல் ஹீலியத்தைத் திரவமாக்கும் இயந்திரத்தை இயக்கத் தொடங்கியது.

இன்றைய பணம் தேசிய குவாண்டம் திட்டத்தில் இருக்கிறது. 2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2030-31 வரை ரூ. 6,003.65 கோடி. நான்கு மையங்கள்: கணினிக்கு பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி., தகவல் தொடர்புக்கு சென்னை ஐ.ஐ.டி., சென்சார்களுக்கு மும்பை ஐ.ஐ.டி., பொருட்களுக்கு டெல்லி ஐ.ஐ.டி. துல்லிய நேரம், வழிகாட்டல் ஆகியவற்றுக்கான அணுக் கடிகாரங்களும் அணுக்களை வைத்து இயங்கும் காந்தமானிகளும் இந்தத் திட்டத்தின் இலக்குகளில் வெளிப்படையாக உள்ளன. குவாண்டம் என்றதும் கம்ப்யூட்டர் மட்டும் நினைவுக்கு வருபவர்கள் இந்தச் சென்சார் பிரிவையும் கவனியுங்கள். இன்ஜினியரிங் வேலைகள் முதலில் இங்கே திறக்க வாய்ப்பு அதிகம்: வெற்றிடம், குளிர்விப்பு, லேசர், சிக்னல் பிராசசிங்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழைய சிக்கல் உண்டு. ஹீலியமே நம்மிடம் இல்லை! எம்.ஆர்.ஐ. ஸ்கேன் முதல் குவாண்டம் கணினிக் குளிர்விப்பான் வரை நமக்குத் தேவையான ஹீலியம் கிட்டத்தட்ட முழுவதும் இறக்குமதி. பெரிய உற்பத்தியாளர்கள் அமெரிக்காவும் கத்தாரும். 2017ல் கத்தாரை அண்டை நாடுகள் முடக்கியபோது அங்குள்ள ஹீலியம் ஆலைகள் தற்காலிகமாக நின்றுபோயின.

இதில் ஒரு விசித்திரம். ஓனஸ் 1908ல் திரவமாக்கிய ஹீலியத்தை எடுத்தது மோனசைட் மணலிலிருந்து. அதில் உள்ள தோரியம் சிதையும்போது வெளியேறும் ஆல்பா துகளே ஹீலியத்தின் உட்கருதான். அதே மோனசைட் சவராவிலும் நம் மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலில் கலந்து கிடக்கிறது. கொச்சியை ஒட்டிய ஆலுவா அருகே பெரியாற்றங்கரையில் 1952ல் தொடங்கிய அரிய மண் ஆலை மோனசைட்டைப் பதப்படுத்தவே வந்தது. ஆனால் மணலிலிருந்து கிடைக்கும் ஹீலியம் மிகக் கொஞ்சம். உலகத்துக்கு இன்று ஹீலியம் வருவது இயற்கை எரிவாயுவிலிருந்து. நம் காவிரிப் படுகை எரிவாயுவிலும் கொஞ்சம் ஹீலியம் உண்டு. அதைப் பிரித்தெடுக்க, குத்தாலத்தில் ஓ.என்.ஜி.சி. வளாகத்தில் அணுசக்தித் துறை ஒரு சோதனை ஆலையை அமைத்தது. சோதனையைத் தாண்டி அதைப் பெரிதாக்குவதில்தான் விஷயம் இருக்கிறது.

அடுத்த முறை "குவாண்டம் நேவிகேஷன்" என்று தலைப்பு வந்தால்

மூன்றே கேள்விகள் கேளுங்கள்.

1. எத்தனை மணி நேரம் பிசகாமல் நிற்கும்? உணர்திறன் எவ்வளவு என்பது அப்புறம்.
2. சோதனை நடந்தது ஆய்வக மேசையிலா, ஆடும் கப்பலிலா?
3. குளிர்விக்க என்ன தேவை, அந்தப் பொருள் யாரிடமிருந்து வருகிறது?

மீப்பாய்மக் குறுக்கீட்டுக்கு இன்றைய நேர்மையான பதில்: இயற்பியல் உறுதியானது, நிரூபணமானது. கருவி ஆய்வகத்தை விட்டு இறங்கவில்லை. மட்டாஞ்சேரி வழியாகப் போகும் கப்பலில் அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் விசில் கேட்டவர்களும் கருவி செய்யக் கிளம்பவில்லை. இந்த விதி உண்மையா என்று பார்க்கத்தான் கிளம்பினார்கள். அவர்கள் கையில் இருந்தது ஒரு நல்ல கேள்வி, பொறுமை, தடையில்லாமல் கிடைத்த ஹீலியம். முதல் இரண்டுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. மூன்றாவதைத்தான் குத்தாலத்திலோ வேறெங்கோ நாம் சம்பாதித்தாக வேண்டும்.